கல்லுக்கும் தங்க விலையா? நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: போர்டில் போட்டிருந்த விலையை மனதில் வைத்துக்கொண்டு ஒரு பவுன் செயின் வாங்கப் போனேன். பில் பத்தாயிரத்துக்கு மேல் கூடிவிட்டது. கேட்டால் சேதாரம் என்கிறார்கள். நிஜமாகவே அவ்வளவு தங்கம் சேதமாகிறதா?

பதில்: இல்லை. பட்டறையில் அராவும்போதும் மெருகு போடும்போதும் உதிர்கிற துகளுக்காக வந்த பெயர் அது. மெஷின் செயினில் உதிர்வது சொற்பம். அதையும் கூட்டி அள்ளி உருக்கிவிடுவார்கள். கூலியும் கடை லாபமும் சேர்ந்த தொகைதான் இன்றைக்குச் சேதாரம் என்ற பெயரில் வருகிறது. பேரம் பேசினால் குறைவதும் அதனால்தான்.

கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 கிராமுக்கு 80,000. சேதாரம் 12 சதவீதம் என்றால் 0.96 கிராம், அதாவது 9,600 ரூபாய். இரண்டும் சேர்ந்த 89,600-க்கு 3 சதவீதம் ஜி.எஸ்.டி. 2,688. ஆக 92,288. இதற்கு மேல் ஹால்மார்க் கட்டணம் சிறு தொகைதான். நாளைக்கே விற்கப் போனால் 8 கிராமுக்குத்தான் பணம்; சேதாரமும் வரியும் திரும்பி வராது. சேதாரத்தை 12-லிருந்து 8 ஆக்கினாலே வரியோடு சேர்த்து 3,296 ரூபாய் மிச்சம். பேச வேண்டியது அதைத்தான், கடைக்காரர் தரும் பையையும் காலண்டரையும் அல்ல.

கல் வைத்த நகையில் இன்னும் கவனம் வேண்டும். அட்டிகை மொத்தம் 12 கிராம், அதில் கல் 1.5 கிராம் என்றால் தங்க விலை போட வேண்டியது 10.5 கிராமுக்கு மட்டும். மொத்த எடைக்கே போட்டுவிட்டால் 15,000 ரூபாய் கல்லுக்குப் போகும். சேதார சதவீதமும் அந்த எடையின் மேலேயே ஏறும். எஸ்டிமேட் சீட்டிலேயே மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

நகையில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22 காரட் என்பதைக் காட்டும் 22கே916, அந்த நகைக்கென்றே தரப்படும் ஆறு இட எச்.யு.ஐ.டி. எண் மூன்றும் இருக்க வேண்டும். 1.4.2023 முதல் எச்.யு.ஐ.டி. இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக்கூடாது. 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு விலக்கு உண்டு. அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் நகையின் வகையும் தூய்மையும் தெரியும். கையில் இருப்பது செயின், செயலியில் மோதிரம் என்று வந்தால் அந்த எண் வேறொரு நகையுடையது. சோதனையில் தூய்மை குறைவு என்று தெரிந்தால், குறைந்துபோன மதிப்பைப் போல இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கேட்க விதி இடம் தருகிறது. பில் இல்லாமல் எதையும் கேட்க முடியாது.

கேள்வி: கேஸ் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. எடை குறைவாகத் தருகிறார்களா?

பதில்: கொண்டுவருபவரையே எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையில் காலி எடை பொறித்திருக்கும். அது 15.8 கிலோ என்றால், 14.2 கிலோ கேஸ் சேர்ந்து தராசு 30 கிலோ காட்ட வேண்டும். பக்கத்துப் பட்டையின் உள்பக்கத்தில் 'பி-27' போல எழுதியிருப்பது அடுத்த சோதனைக் கெடு. ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர்; எண் வருடம். கெடு தாண்டியதை வாங்காதீர்கள்.

எடை சரியாக இருந்தும் சீக்கிரம் தீர்ந்தால் அடுப்பைப் பாருங்கள். தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால் பர்னர் அடைத்திருக்கிறது. ரெகுலேட்டர் மாட்டும் இடத்திலும் டியூபிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. பெரும்பாலும் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும் அல்லது விழுந்திருக்கும். ஆரஞ்சு டியூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வாடை பலமாக வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள்.

மீதி எவ்வளவு என்று பார்க்க ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழாகத் துடைத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். வெறும் ஆவி இருக்கும் மேல்பகுதி முதலில் காயும். திரவம் இருக்கும் பகுதி குளிர்ச்சியாக இருப்பதால் ஈரம் நிற்கும். தீர்ந்துபோகிற நேரத்தில் சிலிண்டரைப் படுக்க வைப்பது மட்டும் கூடாது. திரவமே ரெகுலேட்டருக்குள் பாயும்.

கேள்வி: விடியற்காலையில் பெட்ரோல் போட்டால் கூடுதலாகக் கிடைக்குமாமே?

பதில்: ஒரு டிகிரிக்குப் பெட்ரோல் சுமார் 0.1 சதவீதம் விரியும், அது உண்மை. ஆனால் பெட்ரோல் பங்கின் தொட்டி மண்ணுக்கு அடியில் இருக்கிறது. பகல் வெயில் அங்கே அவ்வளவாக எட்டாது. இரண்டு டிகிரி மாறினாலும் 5 லிட்டருக்கு 10 மில்லிதான். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மீட்டர் பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் பங்கில் இருக்கும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். 25 மில்லிக்கு மேல் குறைந்தால் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவிலோ 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலோ புகார் செய்யலாம்.