வார விடுமுறைக் கேள்விகள்: பரம்பு, சாரல், தியேட்டர்

அண்ணாச்சி, நாங்க அஞ்சு கூட்டாளிங்க. ஞாயித்துக்கிழமை கூடினா எங்க போகலாம்னு பேசியே மதியம் ஆயிருது. ஆதிச்சநல்லூர், ரெட்டியார்பட்டி பொருநை, பாளை மியூசியம் – இதுல எத மொதல்ல பாக்கலாம்?
– வாசகர், மேலப்பாளையம்

வெயிலை வைத்து முடிவு செய்யுங்கள். ஆதிச்சநல்லூர் பழங்கால இடுகாடு, திறந்தவெளிப் பரம்பு. 114 ஏக்கர் மேட்டில் ஒதுங்க நிழல் கிடையாது. பத்து மணிக்கு மேல் கால் பொசுங்கும். அதனால் அதைக் காலையில் முதலாவதாக வைத்துக்கொள்ளுங்கள். நெல்லையிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் ஏறும்போதே நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். விரைவு வண்டி உங்களைத் தாண்டிக் கொண்டுபோய் இறக்கிவிடும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தலைக்கு ஒரு துண்டு கட்டாயம்.

அங்கே பார்க்க வேண்டியது, தோண்டிய குழியிலேயே விட்டுவைத்திருக்கும் முதுமக்கள் தாழிகள். மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள், அதன்மேல் நடந்தபடி குனிந்து பார்க்கலாம். அவசரப்படாமல் ஒரே தாழியைப் பத்து நிமிஷம் பாருங்கள். சரளையும் பாறையுமான நிலத்தைக் குடைந்து, தாழி உட்காரும் அளவுக்குக் குழி வெட்டியிருப்பது தெரியும். வடக்கே தாமிரபரணியும் வயலும் இருக்க, உழவுக்கு ஆகாத, தண்ணீர் நிற்காத இந்த மேடு ஏன் இடுகாடாயிற்று என்பதும் அங்கே நின்றால் தானே விளங்கும்.

தங்கம் எங்கே என்று மட்டும் அங்கே தேடாதீர்கள். 1876-இல் ஜெர்மானியர் ஜாகோர் இங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. அவருக்குப் பின் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த பொன் பட்டங்களும் வெண்கலப் பொருட்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

உச்சி வெயிலுக்கு ரெட்டியார்பட்டிப் பொருநை அருங்காட்சியகம். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை என்று மூன்று ஊர் அகழாய்வையும் சேர்த்துப் பார்க்கலாம். சிவகளைத் தாழியில் கிடைத்த நெல் சுமார் 3,200 ஆண்டுப் பழமையானது. காலையில் பரம்பைப் பார்த்துவிட்டு இதைப் படித்தால் அந்த எண்ணின் கனம் வேறு. பாளை அரசு அருங்காட்சியகத்தை வேறொரு நாளைக்கு வையுங்கள். அங்கே வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை.

பழைய பானை எல்லாம் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. ரெண்டு மண்ணா? சாயமா?
– வாசகி, வள்ளியூர்

மண் ஒன்றுதான், சாயமும் இல்லை. எல்லாம் சூளையின் வேலை. மண்ணில் இரும்பு இருக்கிறது. சுடும்போது காற்று பட்டால் அது சிவக்கும், காற்று படாமல் புகையில் வெந்தால் கறுக்கும். பானையை வாய் கீழாகக் கவிழ்த்து, வாயைச் சாம்பலிலும் உமி, வைக்கோலிலும் புதைத்துச் சுட்டார்கள் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் விளக்கம். உள்ளே காற்று போக வழியில்லை, அதனால் கறுப்பு. வெளியே தீயும் காற்றும் தாராளம், அதனால் சிவப்பு.

இதை உங்கள் கண்ணாலேயே சரிபார்க்கலாம். அடுத்த முறை பானையின் விளிம்பைப் பாருங்கள். கறுப்பு உள்ளேயே நின்றுவிடாது, விளிம்பைத் தாண்டி வெளிப்புறமும் ஒரு விரற்கடையோ இரண்டோ இறங்கியிருக்கும். இறங்குகிற அந்தக் கோடு நேராக இருக்காது, அலையலையாக மேலும் கீழும் போகும். சாம்பலில் எவ்வளவு புதைந்திருந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். தூரிகையால் தீட்டியிருந்தால் கோடு இப்படி வராது.

மியூசியத்துல ஏன் இவ்வளவு மங்கலா லைட் போடுறாங்க? போட்டோ எடுத்தா நம்ம மூஞ்சிதான் தெரியுது.
– வாசகர், அம்பாசமுத்திரம்

ஓலைச்சுவடி, துணி, நீர்வண்ண ஓவியம் ஆகியவற்றின் மேல் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் படக்கூடாது என்பது பொதுவான அளவு. வெளிச்சத்தால் வரும் சேதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், திரும்பச் சரியாகாது. உள்ளே போய் ஐந்து நிமிஷம் பொறுங்கள், கண் பழகிவிடும். படம் எடுக்க அனுமதி இருந்தால் ஃபிளாஷை அணைத்துவிட்டு, செல்போன் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் பிரதிபலிப்பும் இல்லை. வெள்ளைச் சட்டையை விடக் கறுப்புச் சட்டை நல்லது.

"நெல்லை மாவட்டத்தில் கனமழை"ன்னு நியூஸ்ல சொன்னான். படத்துக்குப் போறத ரத்து பண்ணோம். எங்க தெருவுல ஒரு சொட்டு இல்ல. வானிலைய நம்பலாமா, வேண்டாமா?
– வாசகர், பேட்டை

நம்பலாம், ஆனால் முழு வாக்கியத்தையும் படிக்க வேண்டும். அறிக்கையில் அநேகமாக "ஓரிரு இடங்களில் கனமழை" என்று இருந்திருக்கும். "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியின் மழைமானிகளில் அதிகபட்சம் கால்வாசியில்தான் மழை. "ஒருசில இடங்களில்" என்றால் ஏறக்குறைய பாதி வரை. "பெரும்பாலான இடங்களில்" என்று வந்தால் குடை இல்லாமல் கிளம்பாதீர்கள். செய்தித் தலைப்பில் இந்தச் சொல் விழுந்துபோகிறது, அதுதான் கோளாறு.

"கனமழை"க்கும் அளவு உண்டு: 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர். அதற்கு மேல் 204.4 வரை மிகக் கனமழை. அதையும் தாண்டினால் அதிகனமழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அது இந்தக் கடைசி வகையின் எல்லையைப் போல நாலு மடங்குக்கும் மேல். மழைக்கணக்கின் "நாள்" காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் 8.30-க்கு முடியும். ஞாயிறு காலைப் பட்டியலில் இருப்பது பெரும்பாலும் சனிக்கிழமை மழைதான்.

உங்கள் தெருக்கணக்கு வேண்டுமென்றால் வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, பக்கம் நேரான ஒரு டப்பாவை மொட்டைமாடி நடுவில் வையுங்கள். மரத்தடியோ சுவரோரமோ வேண்டாம். ஸ்கேலை விட்டு அளந்தால் எத்தனை மில்லிமீட்டர் உயரமோ அத்தனை மில்லிமீட்டர் மழை. ஒரு மில்லிமீட்டர் என்பது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 930 லிட்டர் வந்துவிடும். குழாயை எங்கே திருப்புவது என்பதையும் யோசித்து வையுங்கள்.

குத்தாலத்துல சாரல் அடிக்கும்போது டவுன்ல ஏன் காத்து மட்டும் அடிக்குது? சீசன்ல குளிக்கப் போக எப்படி நாள் பாக்குறது?
– வாசகி, திருநெல்வேலி டவுன்

தென்மேற்குக் காற்று மலையின் அந்தப் பக்கமே ஈரத்தைக் கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும் காற்று, ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 10 டிகிரி சூடாகும். ஈரம் கரைந்து வெறுங்காற்றாகத்தான் டவுனுக்கு வரும். செங்கோட்டைப் பக்கம் கணவாய் திறந்திருப்பதால், மழை முழுதாக வடியாத காற்று உள்ளே புகுந்து சாரலாக விழுகிறது. டவுனுக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான்.

நாள் பார்க்கும்போது தென்காசி வானத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அருவிக்கு வரும் தண்ணீர் மேலே மலையில் பெய்தது. கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் இறங்கும். 2024 மே 17-இல் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோயிற்று. தண்ணீர் செம்மண் நிறமாக மாறுவது, இலையும் குச்சியும் சேர்ந்து விழுவது, இரைச்சல் திடீரென்று கனப்பது – இதில் ஒன்று தெரிந்தாலும் சோப்பு, துண்டு எதையும் எடுக்க நிற்காமல் பிள்ளைகளோடு மேட்டுக்கு ஏறிவிடுங்கள். மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுகிற அன்றைக்குக் குளியல் இல்லை. போலீஸ் கயிறு கட்டியிருந்தால் வாதாட வேண்டாம்.

தியேட்டர்ல எந்த சீட்டு நல்லது? பாட்டு காதைக் கிழிக்குது, வசனம் மட்டும் கேக்கவே மாட்டேங்குது.
– வாசகர், பாளையங்கோட்டை

திரையின் அகலத்தைப் போல ஒன்றரை முதல் ஒன்றேமுக்கால் மடங்கு தள்ளி உட்காருங்கள். 40 அடித் திரைக்கு 60 முதல் 70 அடி. டேப் தேவையில்லை. கையை முழுக்க நீட்டிச் சாண் விரித்துத் திரைமேல் பிடியுங்கள். ஒன்றரைச் சாணுக்குக் குறையாமலும் இரண்டு சாணைத் தாண்டாமலும் திரை அடங்கினால் அதுதான் வரிசை. ஆப்பில் பதியும்போது 'ஏ' வரிசை முன்னாலா பின்னாலா என்பது தியேட்டருக்குத் தியேட்டர் மாறும். திரை எந்தப் பக்கம் என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

வசனம் திரைக்குப் பின்னால் நடுவிலுள்ள ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. சுவரோரம் உட்கார்ந்தால் பக்கத்து ஸ்பீக்கர் அதை மூடிவிடும். பால்கனிக்கு அடியில் கடைசி வரிசையும் ஆகாது. அதனால் நடு வரிசையில் நடு சீட்டு. அதிலும் கேட்கவில்லை என்றால் சத்தத்தின் அளவில் கோளாறு. படத்தின் ஒலியைக் கலப்பவர்கள், தியேட்டரில் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர் 7-இல் இருக்கும் என்று கணக்கிட்டுத்தான் கலக்கிறார்கள். டிரெய்லரோ ஓப்பனிங் பாட்டோ அலறுகிறது என்று யாராவது சொன்னதும் ஆபரேட்டர் 5-க்கு இறக்குவார், பிறகு ஏற்ற மறந்துவிடுவார். பாட்டு அப்போதும் கேட்கும், மெல்லிய வசனம் அமுங்கிவிடும். இடைவேளையில் மேனேஜரிடம், "சார், ஃபேடர் எத்தனையில இருக்கு? வசனம் கேக்கல" என்று பதமாகச் சொல்லுங்கள். அரை நிமிஷ வேலைதான்.

பத்து வயசுப் பையனை யுஏ 13+ படத்துக்குக் கூட்டிட்டுப் போகலாமா? கேட்ல நிறுத்துவாங்களா?
– வாசகி, களக்காடு

நிறுத்த மாட்டார்கள். யுஏவோடு வரும் 7+, 13+, 16+ எண்கள் பெற்றோருக்கான வழிகாட்டல், முடிவு உங்களுடையது. 'ஏ' சான்றிதழ் மட்டும்தான் தடை. நீங்கள் கூட இருந்தாலும் 18 வயது நிறையாதவரை உள்ளே விடக்கூடாது. கைக்குழந்தைக்கும் அதே விதிதான், டிக்கெட் எடுக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.