மின்னோட்டம் இறங்குவதெல்லாம் பங்கசின் எதிர்ப்பல்ல

கேள்வி: யாழ்ப்பாணத்திலுள்ள எங்கள் ஆய்வுகூடத்தில் கன்டிடா அல்பிக்கன்சு என்னும் பங்கசு ஐதரசன் பேரொட்சைட்டை அழிக்கும் வேகத்தை 25 மைக்குரோன் விட்டமுள்ள பிளாற்றினம் மின்வாயால் அளக்கிறோம். பேரொட்சைட்டு குறையக் குறைய மின்னோட்டம் இறங்கும்; ஆனால் கொதிக்கவைத்துக் கொன்ற கலங்களிலும் அது இறங்குகிறது. எங்கே பிழை?

பதில்: முதலில் மின்வாயைச் சந்தேகியுங்கள். கலமே இல்லாத பொஸ்பேற்றுத் தாங்கற்கரைசலில் (அமிலத்தன்மை மாறாது காக்கும் கரைசல்) 100 மைக்குரோமோலர் பேரொட்சைட்டை இட்டு, வெள்ளி-வெள்ளிக்குளோரைட்டு மின்வாய்க்கு எதிராக +0.65 வோல்ற்றில் பத்து நிமிடம் விடுங்கள். கணக்கின்படி ஏறத்தாழ 1.3 நனோஅம்பியர் வரவேண்டும். சற்றுக் குறைந்தால் பரவாயில்லை, நிலைத்து நிற்பதே முக்கியம். நில்லாமல் இறங்கினால் பிளாற்றினத்தின் மேற்பரப்பு மூடுண்டுவிட்டது. 0.05 மைக்குரோன் அலுமினாவில் தேய்த்து, 0.5 மோலர் சல்பூரிக் அமிலத்தில் மின்னழுத்தத்தை −0.2 முதல் +1.2 வோல்ற்று வரை பலமுறை ஏற்றி இறக்குங்கள். கலங்களின் புரதம் படிவதால், ஒவ்வோர் அளவீட்டு ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் நியமக் கோடு (தெரிந்த செறிவுகளுக்கு எதிரான மின்னோட்டக் கோடு) வரையவேண்டும். சாய்வு பத்து வீதத்துக்கு மேல் மாறினால் அந்த ஓட்டத்தைக் கைவிடுங்கள்.

பேரொட்சைட்டும் பழையதாக இருக்கலாம். 30 வீதக் கரைசலில் 1 மில்லிலீற்றரை ஒரு லீற்றராக்கினால் ஏறத்தாழ 10 மில்லிமோலர். 240 நனோமீற்றரில் 1 சென்ரிமீற்றர் குவெற்றில் உறிஞ்சல் 0.43 அளவில் இருக்கவேண்டும். அன்றன்று தயாரியுங்கள்.

அடுத்தது தண்ணீர். குழாய்த் தண்ணீரில் கழுவிய கண்ணாடியில் எஞ்சும் இரும்பு, செம்புத் துணுக்குகளே பேரொட்சைட்டைச் சிதைக்கும். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீரின் உப்புப்படிவும் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். கடைசியாக அயன் நீக்கிய நீரால் அலசுங்கள். மின்விசிறியையும் நிறுத்துங்கள்: காற்று சிறு கிண்ணத்துத் திரவத்தைக் கலக்கி மின்னோட்டத்தை ஆட்டும். 50 ஹேர்ட்ஸ் இரைச்சலுக்கு, புவியிணைப்புக் கொடுத்த உலோகப் பெட்டிக்குள் வைத்து அளப்பது போதும்.

இனிக் கலங்கள். செத்த கலங்களிலிருந்து கசியும் குளுற்றாதயோன் என்னும் ஒட்சியேற்ற எதிரியும் பேரொட்சைட்டோடு தாக்கும். ஆகவே கொன்ற பிறகு இன்னொருமுறை கழுவுங்கள். உயிர்க்கலங்களை மடக்கை வளர்ச்சி நிலையில் (விரைந்து பெருகும் கட்டத்தில்) எடுத்து, தாங்கற்கரைசலால் மூன்று முறை கழுவி, மில்லிலீற்றருக்கு ஒரு கோடி கலங்களாக்குங்கள். பெருகுவது நின்ற நிலைத்த நிலைக் கலங்கள் இயல்பாகவே கூடுதலாகத் தாங்கும், இரண்டையும் கலந்து ஒப்பிடாதீர்கள். எண்ணிக்கைக்குக் குருதிக்கல எண்ணறையைப் பாவியுங்கள். இழைவடிவம் வந்துவிட்டால் ஒளியடர்த்தி ஏமாற்றும்.

எனது கணிப்பில் மிகப் பயனுள்ள ஒப்பீடு, அதே கலத் தொங்கலை மையநீக்கி மேலிருந்து எடுத்த கலமற்ற திரவம் (மேற்றிரவம்). மின்னோட்டத்தின் இயற்கை மடக்கையை நேரத்துக்கு எதிரே வரைந்து, உயிர்க்கலத்தின் சாய்விலிருந்து மேற்றிரவத்தின் சாய்வைக் கழித்து, கல எண்ணிக்கையால் வகுங்கள். அந்த எண்ணும், பேரொட்சைட்டைச் சிதைக்கும் நொதியமான கற்றலேசை மட்டும் காட்டாது. குறைந்த செறிவில் குளுற்றாதயோன், தயோரிடொக்சின் தொகுதிகளும் பங்கெடுக்கும். கற்றலேசின் பங்கைப் பிரிக்க, அதன் மரபணு நீக்கப்பட்ட விகாரி கிடைத்தால் அதையே பாவியுங்கள்.