சமையல் கேஸை மூடினேனா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பது வெறும் பழக்கமா, நோயா?

காலையும் இரவுமாக ஒன்றரை மணித்தியாலம் இதிலேயே போகிறது, வேலைக்கும் பிந்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பழக்கம் என்று விட வேண்டாம். நாளில் 1 மணித்தியாலத்துக்கு மேல் தின்றாலோ, அன்றாட வேலையைக் கெடுத்தாலோ ஓசிடி, அதாவது எண்ணச் சுழற்சி நோயா என்று வைத்தியர்கள் பார்ப்பார்கள். நானும் அதில் கிடந்து எழும்பினவன்.

எனக்குத் தொடங்கியது 2021 கடைசியில். நாடு முழுக்கக் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் வெடித்த நேரம், எல்லோருக்கும்தான் பயம். எனக்கு மட்டும் அது போகவேயில்லை. ஆரையம்பதியிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்கு வேலைக்குப் போகிறவன், கல்லடிப் பாலம் வரை வந்து மோட்டார் சைக்கிளைத் திருப்பிய நாள் எத்தனையோ. "ரெண்டு தரம் பாத்தாச்சே மனே, இன்னும் என்னத்தப் பாக்காய்?" என்பா அம்மா. தண்ணி ஓதி, நூலும் கட்டினா. போனில் ரெகுலேட்டர் படம் மட்டும் நூற்றுக்கணக்கில் கிடந்தது, அதைப் பார்த்தாலும் "இது நேற்று எடுத்ததோ?" என்று அடுத்த சந்தேகம்.

பார்க்கிறவர்கள் மறதி என்று நினைப்பார்கள். உள்ளே ஓடுவது இதுதான்: "வெடிக்கும் என்று நினைப்பு வந்துட்டுது. வந்த பிறகும் பாக்காமப் போய்ப் பிள்ளைக்கு ஏதும் நடந்தா, கொன்றவன் நான்." இப்படியான நினைப்புகள் நோயில்லாதவர்களுக்கும் வருகின்றன என்று 1978இலேயே உளவியலாளர்களான ரக்மனும் நம் இலங்கையின் பத்மல் டி சில்வாவும் காட்டினார்கள். மற்றவர்கள் "சீ" என்றுவிட்டு நடப்பார்கள், நாம் நின்று விசாரணை வைப்போம்.

என்னை யோசிக்க வைத்தது இன்னொன்று. 2003இல் நெதர்லாந்தில் வான் டன் ஹவுட், கின்ட் என்ற இருவர், மாணவர்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வைத்தார்கள். ஞாபகத்தில் பெரிதாகப் பிழை வரவில்லை. ஆனால் பார்க்கப் பார்க்க அது மங்கலாகி, அதன்மேல் இருந்த நம்பிக்கை கழன்றுபோனது. சுகதேகிகளுக்கே இந்த நிலை!

மனநலக் கிளினிக்கில் எனக்குத் தந்த பயிற்சி கேட்க லேசு: ஒரு தரம் மூடு, திரும்பாமல் போ. முதல் நாள் காத்தான்குடி தாண்டுமுன்பே சேர்ட் நனைந்துவிட்டது. பாலத்தில் நெஞ்சு படபடத்தது. பத்து மணிபோல் பதற்றம் தன்பாட்டில் இறங்கியது. மனுசிக்கும் ஒரு கட்டளை: நான் போன் எடுத்து "மூடித்தானே இருக்கு?" என்றால் "தெரியாது" என்று வைத்துவிட வேண்டும். அவ ஆறுதல் சொல்லச் சொல்லத்தான் நோய் வளர்ந்திருக்கிறது. (இதற்கு வீட்டில் நடந்த சண்டை தனிக்கதை.)

செர்ட்ராலின் என்ற மனநலக் குளிசையும் தந்தார்கள். ஓசிடிக்கு அது பிடிக்க 8 முதல் 12 கிழமை எடுக்கலாம். நான் இரண்டாம் கிழமையே "சரிவரல்ல" என்று நிறுத்தி மாதங்களை வீணாக்கினேன், நீங்கள் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். கிளினிக்குக்குப் போக வெட்கமென்றால் முதலில் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கமான 1926க்கு எடுத்துக் கதையுங்கள்.