கனடா மகளிர் ஐஸ் ஹாக்கி: 13 தங்கமா, 18 தங்கமா?

கேள்வி: கனடா மகளிர் ஐஸ் ஹாக்கி அணியின் சர்வதேச ஆட்டங்களை எக்செல்லில் தொகுத்து வருகிறேன். தங்கப் பதக்கம் ஓரிடத்தில் 13, இன்னோரிடத்தில் 18 என்று இருக்கிறது. வெற்றி தோல்வியை வைத்துப் போட்டால் புள்ளிகளும் இடிக்கின்றன. எங்கே தவறுகிறேன்?

பதில்: 13, 18 இரண்டுமே சரி. 1990இல் ஒட்டாவாவில் தொடங்கிய உலக சாம்பியன்ஷிப்பில் 2025 வரை கனடா வென்றது 13 தங்கம். 2002, 2006, 2010, 2014, 2022 ஒலிம்பிக் தங்கங்களையும் சேர்த்தால் 18. இரண்டையும் ஒரே பத்தியில் (நெடுவரிசையில்) போடாதீர்கள்; தனித்தனித் தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

உலக சாம்பியன்ஷிப் தாளில் 24 வரிகள் வர வேண்டும்: 13 தங்கம், 10 வெள்ளி, 1 வெண்கலம். அந்த ஒரே வெண்கலம் 2019இல் ஃபின்லாந்தின் எஸ்போ நகரில் வந்தது. அரையிறுதியில் ஃபின்லாந்து 4-2 என்று கனடாவை வென்றது. மற்ற 23 முறையும் இறுதிப்போட்டி கனடா–அமெரிக்காதான். உங்களுக்கு 24க்கு மேல் வந்தால் 2003, 2020ஐப் பாருங்கள். 2003 பெய்ஜிங் போட்டி சார்ஸ் நோயாலும், 2020 ஹாலிஃபாக்ஸ் போட்டி கொரோனாவாலும் ரத்தாயின. மகளிர் ஐஸ் ஹாக்கி ஒலிம்பிக்கில் சேர்ந்த 1998 முதல் 2018 வரை ஒலிம்பிக் ஆண்டுகளில் இந்தப் போட்டி கிடையாது. 2022இல்தான் முதன்முறையாக இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தன. 1987 டொராண்டோ போட்டியையும் கனடாவே வென்றது. ஆனால் அது சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்ற சாம்பியன்ஷிப் அல்ல, பதக்கக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

புள்ளிகள் இடிப்பதற்குக் காரணம் கூடுதல் நேரம். 2007 முதல் 60 நிமிடத்துக்குள் வென்றால் 3 புள்ளி, கூடுதல் நேரத்திலோ ஷூட்அவுட்டிலோ (வீரர்கள் ஒவ்வொருவராகக் கோல்காவலரை மட்டும் எதிர்கொண்டு கோலடிக்க முயல்வது) வென்றால் 2, அப்படித் தோற்றவருக்கு 1. அதற்கு முன்பு வெற்றிக்கு 2, டிராவுக்கு 1. ஆகவே வெற்றி, தோல்வி என்ற இரண்டு பத்தி போதாது. வெற்றி, கூடுதல் நேர வெற்றி, கூடுதல் நேரத் தோல்வி, தோல்வி என நான்கு வேண்டும். பழைய ஆண்டுகளுக்கு டிரா ஒன்று தனியாக. 2024இல் அமெரிக்காவின் யூட்டிகா நகரில் நடந்த போட்டியின் குழுச் சுற்றைப் பாருங்கள்: கனடா மூன்று ஆட்டங்களை 60 நிமிடத்தில் வென்றது, அமெரிக்காவிடம் மட்டும் கூடுதல் நேரத்தில் 0-1 என்று தோற்றது. அதைச் சாதாரணத் தோல்வியாகப் பதிந்தால் 9 புள்ளி வரும், உண்மையில் 10. அதே போட்டியின் இறுதியில் கனடா 6-5 என்று வென்றதும் கூடுதல் நேரத்தில்தான்.

ஷூட்அவுட்டில் எத்தனை முறை பக் (ரப்பர் வட்டு) வலைக்குள் போனாலும், வென்ற அணியின் ஸ்கோரில் ஒரு கோல் மட்டுமே கூடும். 2018 பியோங்சாங் ஒலிம்பிக் இறுதியில் ஆட்டம் 2-2. ஷூட்அவுட்டில் அமெரிக்கா வென்றது, பதிவு 3-2.

கோல் எண்ணிக்கையை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். 1990இல் கனடா ஜப்பானை 18-0, மேற்கு ஜெர்மனியை 17-0 என்று வீழ்த்தியது. பின்னாளில் தரவரிசையில் முன்னிலை அணிகளை ஒரே குழுவில் சேர்த்ததால் இத்தகைய ஸ்கோர்கள் அருகிவிட்டன. கோல் குறைந்ததை வைத்து அணி பலவீனமானது என்று எழுதுவது பெரும் அநியாயம். ஆட்ட எண்ணிக்கையும் மாறியது: இப்போது 10 அணிப் போட்டியில் இறுதிவரை போனால் 7 ஆட்டம், 8 அணிகள் ஆடிய 2017இல் 5தான். மொத்தத்தை விட்டுவிட்டு ஆட்டத்துக்குச் சராசரி போடுங்கள்.

இறுதிப்போட்டிக்குத் தனி அடையாளம் கொடுப்பதும் நல்லது, ஏனென்றால் குழுச் சுற்று எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 2021 கால்கரியில் குழு ஆட்டத்தில் அமெரிக்கா 5-1 என்று வென்றது. இறுதியில் மாரி-ஃபிலிப் பூலான் கூடுதல் நேரத்தில் அடித்த கோலால் கனடா 3-2 என்று தங்கம் வாங்கியது. 2022 டென்மார்க்கிலும் அப்படியே: குழுவில் 2-5 தோல்வி, இறுதியில் 2-1 வெற்றி.

கடைசியாக, ரைவல்ரி சீரிஸ். 2018–19இல் தொடங்கிய இந்தக் கனடா–அமெரிக்கா தொடரின் ஆட்டங்களுக்கும், 1996 முதல் 2018 வரை நடந்த மூன்று, நான்கு நாடுகள் கோப்பைக்கும் மூன்றாவது தாள் போடுங்கள். 2022–23 தொடரில் 0-3 என்று பின்தங்கிய கனடா 4-3 என்று மீண்டது; படிக்கவே சிலிர்க்கிறது, ஆனால் அந்த ஏழு ஆட்டங்களும் சாம்பியன்ஷிப் கணக்கில் வரா.