சிமுலேட்டரில் குமட்டினால் விமானப்படை ஆசையை விடணுமா?

தம்பி, கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் 20 நிமிடம் ஓட்டினாலே குமட்டுகிறது, முப்படை அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் தேசிய பாதுகாப்பு அகாடமிக்கான என்டிஏ தேர்வையே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். திரையில் விமானம் புரள்வதைக் கண் பார்க்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ, பல்லடத்தில் வீட்டு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது. அந்த முரண்தான் குமட்டுகிறது. நிறையப் பறந்த விமானிகளுக்குப் புதியவர்களைவிட இது அதிகமாகவே வருவதுண்டு. உண்மையான அசைவுக்குப் பழகிய உடம்பு அது.

திரையோடு சேர்ந்து ஆடும் நாற்காலி வாங்கச் சொல்கிறாரே உங்கள் மாமா, அது வேண்டாம். போர் விமானிகள் பழகும் சிமுலேட்டர்களிலேயே பல அசையாதவை, சுற்றிலும் குவிமாடத் திரைதான். கூர்மையான திருப்பத்தில் உடம்பை அழுத்தும் 8, 9 ஜி விசையை, அதாவது புவியீர்ப்பைப் போல 8, 9 மடங்கு விசையை, எந்த ஆடும் மேடையும் தொடர்ந்து தராது. அதற்கென்று ஆளை உட்காரவைத்துச் சுழற்றும் மையவிலக்கு எந்திரம் பெங்களூருவில் விமானப்படையிடம் தனியாக இருக்கிறது.

சிமுலேட்டரின் வேலை வேறு. சூலூரில் பறக்கும் ஒற்றை இருக்கைத் தேஜஸ் போர் விமானத்தில் பின்னால் ஆசிரியர் கிடையாது. எஞ்சின் நின்றால் எந்தச் சுவிட்ச், எதற்கடுத்து எது என்பதெல்லாம் பார்க்காமலே கைக்கு வர வேண்டும். அதைத் தரையில்தான் திரும்பத் திரும்பப் பழக முடியும்.

சரி, இப்போதைக்கு 10 நிமிடத்தில் நிறுத்துங்கள். அறை விளக்கு எரியட்டும், ஃபேன் காற்று முகத்தில் படட்டும். குமட்டல் தொடங்கினால் எழுந்துவிடுங்கள். உடனே வண்டி எடுக்க வேண்டாம். அப்புறம், கணக்கையும் இயற்பியலையும் விட்டுவிடாதீர்கள். விமானித் திறன் தேர்வு வாழ்நாளில் ஒரே முறைதான், அன்றைக்கு நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள்.