பட்டறையில் கழித்துப் போடும் மரத்துண்டுகளில் மேசைக்கு ஏதாவது செய்ய முடியுமா? எந்த மரம் நல்லது, என்ன கருவி வேண்டும்?

முடியும். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் ஆறு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கருவி அப்புறம். கையில் இருக்கும் துண்டு என்ன மரம் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். நான் கெடுத்ததெல்லாம் அதில்தான்.

எங்கள் பக்கம் சுலபமாகக் கிடைப்பது கித்தா மரம், அதாவது ரப்பர் மரம். அம்மா பால் வெட்டிய காலத்தில், பால் வற்றிய மரம் அடுப்புக்குத்தான் போகும். (பக்கத்துக் கோலகங்சாரில் 1877-இல் நட்டது என்று ஒரு மரத்தை இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அது தப்பித்தது.) இப்போது 25, 30 வயதில் சாய்த்ததும் மேசை நாற்காலி செய்யும் ஆலைக்குப் போகிறது. வெளிர் நிறம், கை ரம்பத்துக்கு அடங்கும், தேய்த்தால் வழுவழுவென்று வரும். ஆனால் உள்ளே மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலக்கறை விழும், பின்னால் வண்டு துளைக்கும். அதற்காகத்தான் ஆலையில் போரான் மருந்தை ஏற்றி, சூளையில் உலர்த்துகிறார்கள்.

இது தெரியாத காலத்தில், மறுநடவுக்காகச் சாய்த்த மரத்தில் ஒரு கிளைக்கட்டையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு மாதம் காயவைத்துப் பேனா தாங்கி செய்து மாமாவுக்குக் கொடுத்தேன். தீபாவளிக்குப் போனபோது, தினமும் மேசையில் மாவு கொட்டிக் கிடக்கிறது என்று அத்தை புலம்பினார். தாங்கியைத் தூக்கிப் பார்த்தால் அடியெல்லாம் குண்டூசித் துளை. “ஏண்டா, பேனாவுக்கு வீடு கட்டச் சொன்னா வண்டுக்குக் கட்டிக் கொடுத்திருக்கே” என்றார் மாமா.

அதனால் கித்தா என்றால், மருந்து ஏற்றி உலர்த்திய பட்டறைக் கழிவு மட்டும்தான். நான் வாங்கும் இடத்தில் தவுக்கே (முதலாளி) ஒரு கோணிக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்) கேட்பார். பொறுக்கி எடுக்க விடுவார், அதுதான் முக்கியம். வெடிப்பு, முடிச்சு இருப்பதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

கதவு நிலை, படிக்கட்டு செய்பவர்களிடம் மெர்பாவ் என்ற கடின மரத்தின் துண்டு கிடைக்கும். செம்பழுப்பு நிறம், பார்க்கவே கம்பீரம். ஆனால் தண்ணீர் பட்டால் சாயம் விடும். ஈரக் குவளைக்கு அடியில் வைக்கச் செய்த மெர்பாவ் தட்டு ஒன்று என் மகளின் பள்ளி நோட்டைப் பாழாக்கியது. இரும்புத் திருகாணி பட்ட இடமும் கருத்துவிடும், பித்தளை போடுங்கள். செங்கால் என்ற இன்னொரு மரம் கிடைத்தால் அதிர்ஷ்டம், கறையான்கூட எளிதில் தொடாது. ஆனால் கல் மாதிரி இருக்கும். முதல் வேலைக்கு வேண்டாம்.

முதல் வேலையாகக் கைப்பேசி தாங்கி செய்யுங்கள். 10 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம், 4 செ.மீ. கனம் உள்ள கித்தாக் கட்டை போதும். மேற்பக்கத்தில், முன்விளிம்பிலிருந்து 3 செ.மீ. உள்ளே, நீளவாக்கில் ஒரு பள்ளம். செங்குத்தாக வெட்டினால் கைப்பேசி விறைத்து நிற்கும், திரை கண்ணுக்கு நேராக வராது. ரம்பத்தை 15 பாகை பின்னால் சாய்த்து இரண்டு கோடு அறுத்து, நடுவில் இருப்பதை உளியால் எடுங்கள். ஆழம் 12 மி.மீ. அகலத்தை மட்டும் என்னைக் கேட்காதீர்கள், உங்கள் கைப்பேசியை உறையோடு அளந்து 1 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். நான் உறையை மறந்து செய்த தாங்கி இப்போது அழைப்பிதழ் தாங்கியாக இருக்கிறது. அப்புறம் 120, 180, 240 என்று வரிசையாக உப்புத்தாள், எப்போதும் ரேகை ஓடும் திசையில். முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள்.

கருவி என்றால் ஒரு நல்ல கை ரம்பம், அரை அங்குல உளி, இரண்டு கிளாம்ப். பேனா தாங்கிக்குப் போகும்போது டிரில் வாங்கலாம்.

கடைசிப் பூச்சுக்குத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், அது காயாது, தூசியைத்தான் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் விட்டு மறுபடி தடவுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே கொடியில் விரித்துக் காயப்போடுங்கள். நான் அப்படிப் போட்டதை அம்மா ஒரு முறை அடுப்புத் துணி என்று எடுத்துப் போய்விட்டார், அதனால் இப்போது வேலிப் பக்கம் தனிக் கொடி.