உள்குவெரியை முதலில் எழுதுங்கள்: நேர்முகத் தேர்வில் தடுமாறிய மாணவிக்கு

அன்புள்ள மாணவிக்கு,

பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில், தன் துறையின் சராசரிச் சம்பளத்தைவிட அதிகம் பெறும் ஊழியர்களைக் காட்டும் குவெரியை, அதாவது தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் கட்டளையை, தாளில் எழுதச் சொன்னபோது கை நின்றுவிட்டது என்றும், அதனால் குவெரி எழுதும் மொழியான எஸ்கியூஎல் (SQL) பயிற்சிக்கு மறுபடியும் பணம் கட்ட அப்பா முன்வந்திருக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பணத்தை இப்போது கட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இலக்கணம் உங்களுக்குத் தெரிகிறது; கேள்வியைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம்தான் இன்னும் கைவரவில்லை.

குவெரியில் நிபந்தனையைச் சொல்லும் 'வேர்' (WHERE) பகுதி டேபிளை ஒவ்வொரு வரிசையாக வடிகட்டுகிறது. சராசரியோ பல வரிசைகளைச் சேர்த்த பிறகே கிடைப்பது. ஆகவே சராசரியைக் கணக்கிடும் சிறு குவெரியை, அதாவது உள்குவெரியை, அடைப்புக்குறிக்குள் எழுதி, அதன் விடையோடு சம்பளத்தை ஒப்பிடுகிறோம். நிறுவனம் முழுவதன் சராசரி என்றால் அந்த உள்குவெரி தனியாகவே ஓடும். "தன் துறையின்" என்று கேட்டுவிட்டால், வெளியே இருக்கும் ஊழியரின் துறை எண்ணை அது சார்ந்து நிற்க வேண்டும். இதையே கோரிலேட்டட் சப்குவெரி என்கிறார்கள். நீங்கள் நின்றுபோன இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். ஒரு ஆர்டரும் தராத வாடிக்கையாளர்கள் யார் என்று கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் 'இந்தப் பட்டியலில் இல்லாதவை' என்று பொருள்படும் 'நாட் இன்' (NOT IN) போட்டு எழுதுகிறார்கள். ஆர்டர் டேபிளின் வாடிக்கையாளர் எண்களில் ஒன்றே ஒன்று 'நல்' (NULL) ஆக, அதாவது மதிப்பு இடப்படாமல், இருந்தாலும் விடையில் ஒரு வரிசைகூட வராது. 'நல்' உடன் செய்யும் ஒப்பீடு உண்மை என்றும் பொய் என்றும் முடியாமல் தெரியாதது என்றே நிற்பதால், எந்த வாடிக்கையாளருக்கும் நிபந்தனை நிறைவேறுவதில்லை. பிழைச் செய்தியும் வராது என்பதால், வேலைக்குச் சேர்ந்த பிறகு தவறான அறிக்கை மேலதிகாரியின் மேசைக்குப் போய்ச் சேரும் அபாயம் இதில் உண்டு. அங்கே 'நாட் எக்சிஸ்ட்ஸ்' (NOT EXISTS) எழுதுங்கள்; பொருந்தும் வரிசை இருக்கிறதா என்று மட்டும் அது பார்ப்பதால் 'நல்' அதன் விடையைக் கெடுக்காது. ஏன் எழுதினீர்கள் என்பதையும் தேர்வாளரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு இலவசமாகக் கிடைக்கும் எஸ்கியூலைட் (SQLite) என்ற தரவுத்தள மென்பொருளும், நீங்களே உருவாக்கிய இரண்டு டேபிள்களும் போதும். அவற்றில் வேண்டுமென்றே சில 'நல்' மதிப்புகளை வையுங்கள். வீட்டில் இடைஞ்சல் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அமர்ந்து தாளில் எழுதுங்கள். மாலையில் வீட்டுக் கணினியில் உள்குவெரியைத் தனியாக ஓட்டி, விடை சரிதானா என்று பார்த்த பிறகே வெளிக்குவெரியைச் சேருங்கள். கோரிலேட்டட் என்றால் துறை எண்ணுக்குப் பதில் ஒரு எண்ணை நீங்களே இட்டு ஓட்டிப் பாருங்கள். மூன்று வாரம் கழித்து அந்தத் தாள்களோடு வாருங்கள், அடித்துத் திருத்தியவையும் இருக்கட்டும்.